டெபெஷ் மோட் ரீமிக்ஸ் தொகுப்புகள்: 2004ஆ, 2011ஆ?

டெபெஷ் மோட் என்ற இங்கிலாந்து எலக்ட்ரானிக் இசைக்குழுவின் ரீமிக்ஸ் (பழைய பாட்டைப் பிரித்து மறுபடி கோத்த வடிவம்) தொகுப்பு ஒன்றை வாங்கலாம் என்று கிளம்பினால் பெயரிலேயே குழப்பம் ஆரம்பித்துவிடும். 2004இல் வந்தது ‘ரீமிக்ஸஸ் 81–04’. 2011இல் வந்தது ‘ரீமிக்ஸஸ் 2: 81–11’. தலைப்பை மட்டும் பார்த்தால் பின்னதற்குள் முன்னதும் அடக்கம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி இல்லை. சில பாட்டுகள் இரண்டிலும் வருகின்றன, ஆனால் வேறு வேறு ஆள் கைபட்ட வேறு வேறு மிக்ஸ்கள்.

என்னிடம் இரண்டும் மூன்று சிடி பதிப்பாகவே இருக்கின்றன. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் 2004ஐ வைத்துக்கொள்வேன்.

சில விஷயங்களில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. இரண்டிலும் ஒலித்தரம் நன்றாகவே இருக்கிறது. இரண்டுக்கும் ஒற்றை சிடி பதிப்பு உண்டு. முப்பதுக்கும் மேற்பட்ட மிக்ஸ்களை ஒரே தட்டுக்குள் சுருக்கினால் என்ன மிஞ்சுமோ அதுதான் அதில் இருக்கும். ஆறு எல்பி வினைல் பெட்டியும் இரண்டுக்கும் உண்டு. கேட்பதற்கு வாங்குகிறார்களா, அலமாரிக்கு வாங்குகிறார்களா என்பது அவரவர் பாடு.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. ரீமிக்ஸ் முடிந்த பிறகு பாட்டு மிஞ்சுகிறதா? மார்ட்டின் கோர் எழுதிய மெட்டும், டேவ் கஹானின் அந்த அடிக்குரலும் உள்ளே உயிரோடு இருக்கின்றனவா, அல்லது டிஜேக்கு நான்கு வார்த்தை கடன் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட்டனவா?

2004 தொகுப்பின் முதல் இரண்டு தட்டுகளில் பெரும்பகுதி, நீள மிக்ஸ்களோடு வந்த 12 அங்குல சிங்கிள் தட்டுகளில் இருந்து வந்தது. 1981இல் ‘நியூ லைஃப்’ சிங்கிளின் பின்பக்கமாக வந்த ‘ஷவுட்’ பாட்டின் ரியோ மிக்ஸ் தொடங்கி, அந்தக் காலத்து நீள மிக்ஸ்கள் எல்லாம் பாட்டை அறிந்தவர்கள் பாட்டை நீட்டியவை. ‘நெவர் லெட் மீ டவுன் அகெய்ன்’ பாட்டின் ஸ்ப்ளிட் மிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதரை நிமிடம். முதல் பாதியில் பாட்டு முழுதாக வருகிறது, அவசரம் இல்லை, அந்தக் கனமான டிரம்ஸ் அப்படியே இருக்கிறது. பாடல் முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் அதே துண்டுகளை வைத்து இன்னொரு பயணம் தொடங்குகிறது. இரண்டாம் பாதியில் கஹான் அதிகம் பாடுவதில்லை, ஆனாலும் பாட்டை விட்டு வெளியே வந்துவிட்டதாக ஒரு நொடிகூடத் தோன்றாது.

வெளியாட்கள் கை வைத்த இடங்களிலும் இது நடக்கிறது. ‘மாஸ்டர் அண்ட் சர்வன்ட்’ பாட்டை 1984இல் தயாரிப்பாளர் ஏட்ரியன் ஷெர்வுட் டப் பாணியில் (எதிரொலியும் பேஸும் முன்னால் நிற்கும் ஜமைக்கா பாணி) கலைத்துப் போட்டார். எதிரொலிக்குள் எல்லாம் மிதக்கிறது, பாட்டு தொலையவில்லை. இந்த வரிசையில் எனக்கு உச்சம் ‘யூஸ்லெஸ்’. 1997இல் ‘அல்ட்ரா’ ஆல்பத்தில் வந்தபோது அது கிடார் உறுமும் கோபக்காரப் பாட்டு. வியன்னாவின் குரூடர், டோர்ஃப்மைஸ்டர் இருவரும் அந்தக் கிடாரைப் பின்னுக்குத் தள்ளி, பேஸை முன்னால் கொண்டுவந்து, சோம்பல் நடையில் விட்டார்கள். வரிகள் மாறவில்லை, பாடிய குரலும் மாறவில்லை, ஆனால் மூலத்தில் திட்டுவது போல் கேட்டது இங்கே சலித்துப்போய்ச் சொல்வது போல் கேட்கிறது. ஒரு ரீமிக்ஸிடம் இதற்கு மேல் என்ன கேட்பது?

மூன்றாவது தட்டில் அன்றைய இளம் கலைஞர்கள் வருகிறார்கள். உல்ரிக் ஷ்னாஸ் ‘லிட்டில் 15’ பாட்டைப் பனிமூட்டத்துக்குள் கொண்டுபோகிறார். கோல்ட்ஃப்ராப் குழுவின் ‘ஹேலோ’ இன்னும் ஒரு படி மேலே. 2013 டெல்டா மெஷின் சுற்றுப்பயணத்தில் டெபெஷ் மோட் மேடையில் ‘ஹேலோ’ வாசித்தபோது தங்கள் பழைய வடிவத்தை விட்டுவிட்டு இந்த ரீமிக்ஸ் வடிவத்தைத்தான் வாசித்தார்கள். பாட்டின் சொந்தக்காரர்களே கைதட்டி ஏற்றுக்கொண்ட மாதிரி.

நியாயமாகச் சொன்னால் அதே சுற்றுப்பயணத்தில் 2011 தொகுப்புக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. ‘எ பெய்ன் தட் ஐம் யூஸ்ட் டு’ பாட்டையும் அவர்கள் ஜாக் லு கான்ட் ரீமிக்ஸ் வடிவத்தில்தான் வாசித்தார்கள், அது இருப்பது 2011இல். அந்தத் தொகுப்பு வீண் என்று நான் சொல்லவில்லை.

அதன் பெரிய ஈர்ப்பு முன்னாள் உறுப்பினர்கள் இருவர். 1981இல் முதல் ஆல்பத்தோடு விலகிய வின்ஸ் கிளார்க் 1987இன் ‘பிஹைண்ட் த வீல்’ பாட்டை ரீமிக்ஸ் செய்திருக்கிறார். 1995இல் விலகிய ஆலன் வைல்டர் 2009இன் ‘இன் செயின்ஸ்’ பாட்டை எடுத்திருக்கிறார். தாங்கள் இல்லாத காலத்தில் பிறந்த பாட்டுகளை இருவரும் தொட்டிருக்கிறார்கள் என்பது ரசிகர்களுக்குத் தனி சுவாரஸ்யம். இதைத் தொடர்ந்து கிளார்க்கும் கோரும் விசிஎம்ஜி என்ற பெயரில் சேர்ந்து ஆல்பமே போட்டார்கள். வைல்டரின் மிக்ஸ் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூலத்தைவிட இருட்டாக, பொறுமையாக வளர்கிறது. கிளார்க்கினுடையது திறமையானது, ஆனால் வரலாறு தெரியாதவர் கேட்டால் நல்ல டெக்னோ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

சிக்கல் மற்ற இடங்களில். எம்83 செய்த ‘சஃபர் வெல்’, சிக்ஸ் டோஸ் செய்த ‘பீஸ்’ போல நல்லவை இருக்கின்றன. ஆனால் மூன்று தட்டுகளையும் தொடர்ந்து ஓடவிட்டால் ஒரே சீராக அடிக்கும் கிக் டிரம், அதன் மேல் துண்டு துண்டாகக் கஹான் என்ற பாணி திரும்பத் திரும்ப வருகிறது. எந்த ஆல்பத்துப் பாட்டு ஓடுகிறது என்று உறையைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. சிங்கிளாக வந்த ‘பர்சனல் ஜீசஸ் 2011’ இன்னொரு வகை ஏமாற்றம். மூலத்தில் அந்தத் தாளம் ஆட்கள் பெட்டிகள் மேல் ஏறி மிதித்த சத்தம், அறையே அதிரும். 2011 சிங்கிளுக்காக ஸ்டார்கேட் தயாரிப்பாளர்கள் செய்த மிக்ஸில் அதை ரேடியோவுக்கு மெருகேற்றிவிட்டார்கள். 2004இல் அதே பாட்டுக்குப் பம்ப் மிக்ஸ் இருக்கிறது, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இவற்றைக் கேட்டதெல்லாம் ஹெட்போனிலும் வீட்டு ஸ்பீக்கரிலும்தான், கிளப்பில் இல்லை. 2011 மேல் நான் வைக்கும் குறையில் பாதி ஒரு பெரிய சவுண்ட் சிஸ்டம் முன்னால் கரைந்துபோகலாம். ஆட வேண்டும், அல்லது டிஜே செய்கிறீர்கள் என்றால் என் தீர்ப்பைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள்.

2004இலும் தேறாதவை உண்டு. லிங்கின் பார்க் குழுவின் மைக் ஷினோடா ‘என்ஜாய் த சைலன்ஸ்’ மேல் கிடாரை அடுக்கியது அந்த வருடத்தோடு போயிற்று. ‘ரூட் 66’ வந்தால் நான் தாண்டிவிடுவேன்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 2004இன் மூன்று சிடி பதிப்பு குறைந்த அளவில் வந்தது, அதனால் பழைய தட்டு விற்பவர்களிடம்தான் தேட வேண்டியிருக்கும். இரண்டு சிடி பதிப்பும் புழக்கத்தில் இருக்கிறது, அதில் மூன்றாம் தட்டு கிடையாது. பெட்டியைத் திறந்த படம் ஒன்றை அனுப்பச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.