மெயின்பிரேமில் பைத்தான்: கீழக்கரையிலிருந்து ஒரு நெடுநாள் அனுபவம்

"ரெக்ஸ் இருக்கும்போது பைத்தான் எதுக்குப்பா?" எங்கள் டீம் சீனியர்கள் இன்றும் கேட்பார்கள். பாதி நியாயம்தான். ஐபிஎம்மில் மைக் கௌலிஷா 1979இல் தொடங்கிய ரெக்ஸ் மொழி, மெயின்பிரேம் என்ற பெருங்கணினியில் நாம் கட்டளை அடிக்கும் சூழலான டிஎஸ்ஓவுக்குள்ளேயே இருக்கிறது. கம்பைல் செய்ய வேண்டியதில்லை, எழுதினால் ஓடும். அங்குள்ள ஐஎஸ்பிஎஃப் எடிட்டருக்கு மேக்ரோ எழுத இன்றும் எனக்கு அதுதான். ஆனால் தரவையும் அதைக் கையாளும் நிரலையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் கிளாஸ், ஆப்ஜெக்ட் எதுவும் அதில் இல்லை. அவற்றைச் சேர்த்த ஆப்ஜெக்ட் ரெக்ஸ், பிசி இயங்குதளமான ஓஎஸ்/2 பக்கம் போய், 2005இல் ஓப்பன் சோர்ஸானது. டிஎஸ்ஓவில் பழைய ரெக்ஸேதான். ஜாவாவின் மேல் ஓடும் நெட்ரெக்ஸை எங்களில் யாரும் தொட்டதில்லை.

ஆகவே பைத்தான். மெயின்பிரேமில் ஓடும் ராக்கெட் நிறுவனத்தின் பைத்தான் வடிவம் முன்பே இருந்தாலும், 2020இல் ஐபிஎம்மே வெளியிட்ட பிறகுதான் மேலிடம் தலையாட்டியது. மென்பொருளுக்குக் காசில்லை, சப்போர்ட் வேண்டுமென்றால்தான் காசு.

உண்மையான தலைவலி, எழுத்துகளை எண்ணாக வைக்க மெயின்பிரேம் பயன்படுத்தும் எப்சிடிக் குறியீடு. மற்றக் கணினிகளின் ஆஸ்கி குறியீட்டில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'A' 65, இங்கே 193. மெயின்பிரேமுக்குள் இருக்கும் யூனிக்ஸ் பக்கத்து ஃபைலுக்கு, எந்தக் குறியீடு என்று சொல்லும் சரியான டேக் போடாவிட்டால் குப்பையாகத் தெரியும். அதையாவது பழகிக்கொள்ளலாம். பழைய கோபோல் மொழி நிரல்களின் ரெக்கார்டில், எண்ணைச் சுருக்கி வைக்கும் காம்ப்-3 வடிவில் தொகை இருந்தால் கதையே வேறு. ஒரு பைட்டில் இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் கூட்டல் கழித்தல் குறி. ரெக்கார்டை மொத்தமாக ஆஸ்கிக்கு மாற்றினால் பெயர் சரியாக வரும், பணம் நாசமாகும். பைட்டாகவே படித்து, எழுத்துப் பகுதியை மட்டும் வெட்டி மாற்ற வேண்டும். அந்த வெட்டும் வேலையை ஒரு கிளாஸுக்குள் அடைத்தபோதுதான் ஆப்ஜெக்டின் அருமை புரிந்தது: ரெக்கார்டின் அமைப்பைச் சொல்லும் காப்பிபுக் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். மெயின்பிரேமின் ஃபைலான டேட்டாசெட்டைப் பைத்தானிலிருந்து தொட, ஐபிஎம்மின் இசட்ஓஏயூ தொகுப்பையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடலோரத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு ஒன்று. வாடைக்காற்று மாதங்களில் இங்கே நெட் விட்டுவிட்டுத்தான் வரும். மெயின்பிரேமின் வழக்கமான 3270 திரைக்கு அது பெரிய பொருட்டில்லை, என்டர் போன்ற விசையைத் தட்டும்போது மட்டுமே திரை போய் வருகிறது. யூனிக்ஸ் பக்கம் நுழையும் வழியான எஸ்எஸ்ஹெச்சில் ஒவ்வொரு எழுத்தும் போய் வர வேண்டும், பொறுமை போய்விடும். விஎஸ் கோட் எடிட்டரில், மெயின்பிரேமோடு இணைக்கும் சோவி எக்ஸ்ப்ளோரர் என்ற நீட்சியைப் போட்டால் திருத்துவது நம் கணினியில், சேமிக்கும்போது மட்டும் மேலே போகும். பைத்தானை நான் விடாமல் வைத்திருப்பதில் பாதிக் காரணம் இதுதான்.

ராமநாதபுரம் பக்கத்துக் காலேஜ் பிள்ளைகள் பழகிப் பார்க்க நினைத்தால், ஐபிஎம் இசட் எக்ஸ்ப்ளோர் என்ற பயிற்சித் தளத்தில் இலவசமாகவே நிஜ மெயின்பிரேம் கணக்கு கிடைக்கும். ரெக்ஸ், பைத்தான் இரண்டும் அதில் உண்டு.