கறகறக்கும் கிராபிக்ஸ் கார்டு ஃபேன்: மாற்றும் விதமும் மாற்றிய பின் இரண்டு வருடமும்

ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு வந்தது 2016இல், ஆர்எக்ஸ் 580 கார்டு வந்தது 2017இல். இன்றும் ஏராளமான வீடுகளில் இவை ஓடுகின்றன. சிப் நன்றாகவே இருக்கும், முதலில் படுப்பது ஃபேன்தான். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் கறகறவென்று சத்தம் வரும், ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். பேரிங்கில் மிச்சமிருக்கும் ஆயில் சூட்டில் இளகுவதால்தான் அந்த அடக்கம். சரியாகிவிட்டது என்று விட்டால் ஐந்து நிமிடம் அரை மணி நேரமாகும், பிறகு ஒருநாள் ஃபேன் சுற்றாமலே நின்றுவிடும்.

சத்தம் ஃபேனுடையதுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கார்டு கட்டுப்பாட்டு மென்பொருளில் ஃபேன் வேகத்தை ஆட்டோவிலிருந்து எடுத்து 30, 50, 70 சதவீதம் என்று கையால் ஏற்றுங்கள். வேகத்தோடு சத்தமும் மாறினால் ஃபேன். வேகம் அப்படியே இருக்க, கேமில் ஃபிரேம் ரேட் ஏறும்போது மட்டும் ‘கீச்’ என்று மெல்லிய ஒலி வந்தால் அது கார்டிலுள்ள மின்சுருள் (காயில்) அதிரும் சத்தம், ஃபேன் மாற்றிப் பயனில்லை. இரண்டு ஃபேனில் எது என்று தெரிய, ரப்பர் வைத்த பென்சிலின் முனையை ஃபேனின் நடு மூடியில் மெல்ல வைத்து இரண்டு வினாடி நிறுத்துங்கள். இறக்கையைத் தொட வேண்டாம். எதை நிறுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான். மெஷினை அணைத்துவிட்டு விரலால் சுற்றியும் பார்க்கலாம். நல்ல ஃபேன் சில வினாடி ஓடி மெதுவாக நிற்கும், போன ஃபேன் சட்டென்று பிடித்துக்கொள்ளும். நடு மூடியை லேசாக மேலும் கீழும் அசைத்தால் சற்று ஆட்டம் இருப்பது இயல்பு. பக்கவாட்டில் ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. சும்மா இருக்கும்போது ஃபேன் சுற்றவில்லை என்று மட்டும் பயப்பட வேண்டாம். சூடு ஒரு அளவைத் தாண்டும்வரை ஃபேனை நிறுத்தியே வைக்கும் கார்டுகள் பல.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு ஃபேனும் ஒரே கனெக்டரில் சேரும் கார்டுகளில், வேகத்தைச் சொல்லும் வயர் பெரும்பாலும் ஒரு ஃபேனிலிருந்து மட்டும் வரும். அடுத்தது செத்துக் கிடந்தாலும் ஆஃப்டர்பர்னர் ‘1800 ஆர்பிஎம்’ என்று நிம்மதியாகக் காட்டும். திரையை நம்பாமல் கண்ணால் பாருங்கள்.

இந்த வேலையில் சிரமம் ஸ்க்ரூ கழற்றுவதில் இல்லை, சரியான ஃபேனை வாங்குவதில்தான். கார்டின் மாடல் பெயரைச் சொல்லி வாங்கினால் தப்பு நடக்கும். அதே பெயரில் வந்த கார்டிலேயே வேறு வேறு ஃபேன் இருக்கும். முன்பக்கம் தெரியும் ஸ்டிக்கர் பெரும்பாலும் வெறும் கம்பெனி லோகோ. உண்மையான எண் பல ஃபேன்களில் பின்பக்கம், மோட்டாரின் அடியில், ஹீட்சிங்க்கை (சிப்பின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள்) பார்த்தபடி ஒட்டியிருக்கும். கிகாபைட்டின் பல கார்டுகளில் வரும் ‘டி129215எஸ்யூ, 12 வோல்ட், 0.50 ஆம்ப்’ அப்படி ஒரு எண். அதை போட்டோ எடுத்துக்கொண்டு, கூடவே நான்கு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: இறக்கையின் விட்டம், ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு இடையிலான தூரம், கனெக்டரில் எத்தனை பின், இறக்கை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. கடைசி விஷயத்தைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். சில கார்டுகளில் இரண்டு ஃபேனும் எதிரெதிர் திசையில் சுற்றும், இடது வலது தனித்தனி. மாற்றி வாங்கினால் ஓட்டை பொருந்தும், திசை பொருந்தாது. சென்னை ரிச்சி தெருவானாலும் ஆன்லைனானாலும், பழைய ஃபேனின் போட்டோவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே காசு கொடுங்கள்.

ஒன்று போனாலும் ஜோடியாக மாற்றுவதே நல்லது. இரண்டும் ஒரே சூட்டில், ஒரே அளவு மணிநேரம் ஓடியவை. கிரிப்டோ நாணய மைனிங்கில் இரவு பகலாக ஓடிய ஆர்எக்ஸ் 580 என்றால் யோசிக்கவே வேண்டாம். ஸ்லீவ் பேரிங் (ஆயில் தடவிய குழலில் தண்டு சுற்றுவது), டபுள் பால் பேரிங் (சிறு குண்டுகள் மேல் சுற்றுவது) இரண்டும் கிடைத்தால் பால் பேரிங்கை எடுங்கள். முதல் நாள் ஸ்லீவைவிடச் சற்றுக் கூடுதலாகக் கேட்கும், ஆனால் சூட்டைத் தாங்கும்.

ஆயில் விடலாமா என்றால், புது ஃபேன் வந்து சேரும்வரை ஓட்ட மட்டும் விடலாம். தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு, பேரிங்கில் மட்டும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. குளிரில் உறையும், சூட்டில் நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். டபிள்யூடி-40 மிச்ச ஆயிலையும் கரைத்துவிடும், இரண்டாம் வாரமே பழைய சத்தம் திரும்பும்.

கழற்றுவதற்கு முன் வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூ மேல் ஸ்டிக்கர் இருந்தால் முதலில் கஸ்டமர் கேரிடம் கேட்பதே முறை. சஃபையர் நைட்ரோ பிளஸ் வரிசையின் ஆர்எக்ஸ் 580 போன்றவற்றில் ஒரே ஸ்க்ரூவை எடுத்தால் ஃபேன் கையோடு வந்துவிடும். சில கார்டுகளில் மேல்மூடி மட்டும் தனியாக வரும், ஹீட்சிங்க்கைத் தொடவே வேண்டாம். மற்றவற்றில் ஹீட்சிங்க்கையும் எடுத்தாக வேண்டும். அதற்குமுன் ஐந்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி அணைத்தால், சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட் இளகியிருக்கும். சிப்பைச் சுற்றியுள்ள நான்கு ஸ்ப்ரிங் ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காக, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். நெம்பாதீர்கள், இடமும் வலமுமாக மெல்லத் திருகினால் விட்டுவிடும். விட்டதும் சடாரென்று தூக்கக் கூடாது, ஃபேன் வயர் இன்னும் போர்டில்தான் இருக்கிறது. புத்தகம் திறப்பதுபோல் ஒரு பக்கமாகச் சாய்த்து, கனெக்டரின் வெள்ளைப் பிளாஸ்டிக்கை நகத்தால் இடமும் வலமும் அசைத்து எடுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் போர்டிலுள்ள சாக்கெட்டே பெயர்ந்து வரும், அதோடு பத்து நிமிட வேலை சால்டரிங் வேலையாகிவிடும்.

திறந்ததும் தெர்மல் பேடுகளை (மெமரி சிப்புகளின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் மெத்தென்ற பட்டைகள்) பாருங்கள். முழுசாக இருந்தால் அதே இடத்தில் விடலாம். கிழிந்திருந்தால் அதே தடிமனில் புதிது வேண்டும். 1 மி.மீ. இருந்த இடத்தில் 2 மி.மீ. வைத்தால் ஹீட்சிங்க் மெமரியின் மேல் தூக்கிக்கொண்டு சிப்பின் மேல் சரியாக உட்காராது. ஃபேன் மாற்றிய பின் சூடு முன்னைவிட ஏறியது என்ற புகார்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான் என்பேன். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, புதியதைச் சிப் முழுக்க மூடும்படி மெல்லிதாகப் பரப்புங்கள். மூலை விட்டுப்போகக் கூடாது.

மூடியதும் கேஸில் போட்டு, 30 சதவீதத்தில் இரண்டு ஃபேனும் கிளம்புகிறதா, எந்த வயராவது இறக்கையில் உரசுகிறதா என்று பாருங்கள். பிறகு கனமான கேம் ஓட்டிப் பதினைந்து நிமிடம் லோடு கொடுங்கள். ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான இடத்தின் அளவு) காட்டும் கார்டில் சாதாரணச் சூட்டுக்கும் அதற்கும் 10 முதல் 15 டிகிரி வித்தியாசம் இருக்கலாம். 25 டிகிரியைத் தாண்டினால் ஹீட்சிங்க் உட்காரவில்லை, மறுபடி திறங்கள்.

மாற்றிய பின் எத்தனை நாள் உழைக்கும் என்பது ஓட்டும் விதத்தில் இருக்கிறது. மலிவான ஸ்லீவ் ஃபேன் முதல் சில மாதம் புதுக் கார்டைவிட அமைதியாக இருந்து, இரண்டாம் கோடையில் மறுபடி முனக ஆரம்பிக்கும். நின்று நின்று கிளம்புவது அதைக் கெடுக்கிறது. சூடு எல்லைக் கோட்டில் ஏறி இறங்கும்போது ஃபேன் நிமிடத்துக்கொரு முறை நின்று கிளம்பும். ஆஃப்டர்பர்னரில் ஹிஸ்டெரிசிஸ் (சூடு எத்தனை டிகிரி இறங்கிய பிறகு ஃபேன் வேகம் குறைய வேண்டும் என்ற அளவு) 5 டிகிரி கொடுத்தாலே இது அடங்கும். பவர் லிமிட்டை 80 சதவீதமாக வைத்தால் 120 வாட் ஜிடிஎக்ஸ் 1060 சுமார் 96 வாட்டுக்குள் ஓடும். கேமில் இழப்பது கொஞ்சம், ஃபேனுக்குக் கிடைக்கும் ஓய்வு அதிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூசு ஊதுங்கள், ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். புளோயர் காற்றில் அது கண்டபடி சுழன்றால் புது பேரிங்கும் தேயும்.

ஒரிஜினல் அளவு ஃபேன் எங்கும் கிடைக்காவிட்டால், மேல்மூடியைக் கழற்றிவிட்டு இரண்டு 120 மி.மீ. கேஸ் ஃபேனை ஹீட்சிங்க்கில் பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டலாம். மூன்று, நான்கு ஸ்லாட் இடம் பிடிக்கும், ஆனால் சத்தம் நன்றாகக் குறையும். கார்டிலுள்ள கனெக்டர் மதர்போர்டு ஃபேன் கனெக்டரைவிடச் சிறியது, அதற்கான அடாப்டர் வயர் வாங்க வேண்டும். சோம்பல்பட்டு மதர்போர்டில் சொருகினால் ஃபேன் பிராசஸரின் சூட்டைப் பார்த்து ஓடும், கார்டு 80 டிகிரியில் வேகும்போது அது மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.