ரோடினாலா, டி-76-ஆ: வீட்டில் ஃபிலிம் கழுவுபவருக்கு எது தோது?

டேங்க், ரீல், படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சர் எதிலும் பெரிய குழப்பம் கிடையாது. கறுப்பு-வெள்ளை ஃபிலிமை வீட்டில் கழுவ இறங்குபவரைத் திணற வைப்பது டெவலப்பர்தான், அதாவது ஃபிலிமில் பதிந்த படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம். நான் கோடக்கின் டி-76 பொடியில் தொடங்கி ரோடினாலுக்கு மாறியவன். ஆகவே இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்தேதான் இருக்கும்.

படத்தை மட்டும் பார்த்தால் டி-76 முந்துகிறது. அதில் லிட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்ஃபைட். அது வெள்ளித் துகள்களின் ஓரத்தைக் கரைத்து மென்மையாக்குகிறது. 1891இல் அக்ஃபா கொண்டுவந்த ரோடினால் அப்படிக் கரைப்பதில்லை. கிரெய்ன், அதாவது படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகள், கூர்மையாக, அப்பட்டமாகத் தெரியும். எச்பி5 போன்ற 400 ஐஎஸ்ஓ (ஒளி உணரும் வேகம்) ஃபிலிமில் நிழல் பகுதியும் கொஞ்சம் கைவிட்டுப் போகும். ஸ்கேன் செய்யும்போது மென்பொருளில் படத்தைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் முகமெல்லாம் மணல்தான். தூசியை நீக்கும் இன்ஃப்ராரெட் வசதி இரண்டிலுமே உதவாது, வெள்ளி அந்தக் கதிரை மறித்துவிடுகிறது.

அப்புறம் ஏன் ரோடினால்? கெடாது என்பதால்.

என்னைப் போல எப்போதாவது ஒரு ரோல் முடிப்பவருக்கு இதுதான் எல்லாம். டி-76 பாக்கெட்டைப் பாதி பாதியாகக் கரைக்கக் கூடாது, பொடிகள் சமமாகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. எனவே முழு லிட்டரும் ஒரே நாளில், 50 டிகிரிக்கு மேல் சூடான நீரில். பிறகு அது ஆற வேண்டும். சென்னையில் அது ஒரு மாலை வேலை. கரைத்தது விளிம்புவரை நிரம்பிய புட்டியில் ஆறு மாதம், பாதி காலியான புட்டியில் இரண்டு மாதம். சரிபாதி நீர் சேர்த்தால் ஒரு லிட்டரில் ஆறு ரோல் வரும். அந்த ஆறையும் நான் இரண்டு மாதத்துக்குள் எடுத்து முடிப்பேனா? மாட்டேன். வலு போன டி-76 பார்வைக்கு நல்லதைப் போலவே இருக்கக்கூடும் என்பது கூடுதல் தொல்லை. நெகட்டிவ் வெளுத்து வந்த பிறகுதான் விஷயம் தெரியும், அந்த ரோலைத் திரும்ப எடுக்க முடியாது.

ரோடினால் திரவம். நாளானால் டிகாக்ஷன் மாதிரிக் கறுத்துவிடும், ஆனாலும் வேலை செய்யும், ஆண்டுக்கணக்கில். 35 மிமீ ரோல் ஒன்றுக்கு 290 மிலி கலவை, 1+50 விகிதத்தில் (ஒரு பங்கு ரோடினால், 50 பங்கு நீர்) ஆறு மிலி போதும், கழுவியதும் கொட்டிவிடலாம். அரை லிட்டர் புட்டியில் 80 ரோல் தாங்கும். எச்பி5க்கு 20 டிகிரியில் 11 நிமிடம். நம் ஊர்க் குழாய் நீரை ஐஸ் போட்டு 24க்கு இறக்கினால் ஏழே முக்கால் நிமிடத்துக்குக் கிட்ட வரும். காரம் அதிகம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

400 ஃபிலிமை 1600 ஐஎஸ்ஓ என்று வைத்துப் படமெடுத்து, கூடுதல் நேரம் கழுவி ஈடுகட்டுபவர்களுக்கு டி-76தான் பாதுகாப்பு என்று நினைக்கிறேன். அதில் எனக்கு அனுபவம் குறைவு. வாரம் ஓரிரு ரோல் கழுவுபவர்களும் டி-76ஐயே வாங்கலாம், அவர்கள் கையில் அது கெட நேரமே இருக்காது.