சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கிய கார்: ஹெட் வேலைக்குப் பின் 38,000 கி.மீ.

என்னுடையது 2013 மாடல், நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். 2022 மே மாதம் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை. இந்த வண்டியில் சூடு காட்டும் முள் கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிந்த பிறகும், ஓரம் கட்ட இடம் தேடி இரண்டு வளைவு ஓட்டிவிட்டேன். பின்னால் வந்த செலவு அத்தனைக்கும் அந்த இரண்டு வளைவுதான் காரணம்.

ஃபேன் மோட்டாரை மாற்றியதும் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். ஒரு மாதம் கழித்து, காலையில் ஸ்டார்ட் செய்தால் அரை நிமிடம் இன்ஜின் உதறும். சைலன்சரில் வெள்ளைப் புகை, அதில் லேசான இனிப்பு வாடை. ரிசர்வ் பாட்டிலில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்) குறையும், ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு இருக்காது. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன். ஆயிலில் தண்ணீர் கலந்தால் வரும் பால் காபி நிறம் இல்லை, சுத்தமாக இருந்தது. அதனால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டினேன். அது தப்பு. தண்ணீர் போகும் வழிக்கும் சிலிண்டருக்கும் நடுவில் மட்டும் கேஸ்கெட் விட்டிருந்தால் ஆயிலில் எதுவும் தெரியாது. உள்ளே இறங்கும் தண்ணீர் ஆவியாகிப் புகையோடு போய்விடும்.

நடுவில், கசிவை அடைக்கும் திரவம் ஒரு பாட்டில் ஊற்றினேன். கசிவு நிற்கவில்லை, ரேடியேட்டர்தான் அடைத்துக்கொண்டது. யாரும் ஊற்ற வேண்டாம்.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை செல்ஃப் அடித்தால் 'டக்' என்ற சத்தத்தோடு இன்ஜின் நின்றது. மெக்கானிக்குக்கு போன் செய்தேன். "இனிமே செல்ஃப் அடிக்காதீங்க சார், நான் வர்றேன்" என்றார். வந்து நாலு பிளக்கையும் கழற்றினார். மூன்று பிளக் பழுப்பாக இருக்க, மூன்றாவது சிலிண்டர் பிளக் மட்டும் கழுவி வைத்தது போல இருந்தது. பிளக் இல்லாமல் இன்ஜினைச் சுற்றவிட்டதும் அந்த ஓட்டையிலிருந்து பச்சைத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. தண்ணீரை அமுக்க முடியாது. அது உள்ளே நிற்கும்போது பிஸ்டனை மேலே தள்ளினால் அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அன்று நான் இன்னொரு முறை செல்ஃப் அடித்திருந்தால் இன்ஜினே போயிருக்கும்.

முதல் முறை ஹெட்டை இறக்கிய இடத்தில் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி, பழைய போல்ட்டையே போட்டு முடுக்கினார்கள். ஏழு மாதம்தான் தாங்கியது. மறுபடியும் அதே உதறல், அதே வாடை.

இரண்டாவது முறை வேறு ஒருவரிடம் போனேன். அவர் எதையும் கழற்றுவதற்கு முன்பே ரேடியேட்டர் வாயில் பம்பை மாட்டி, 15 பி.எஸ்.ஐ. அழுத்தம் ஏற்றி இரவு முழுக்க விட்டார். காலையில் பிளக் ஓட்டை வழியாகச் சின்ன கேமராவை இறக்கிக் காட்டினார். மூன்றாவது பிஸ்டன் தலையில் கூலன்ட் தேங்கி நின்றது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

ஹெட் லேத்துக்குப் போனது. நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தால் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவில் 0.15 மி.மீ. இடைவெளி. இந்த ஹெட்டுக்கு 0.05 வரைதான் அனுமதி. அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்திருந்தது, முதல் ஆள் அதைப் பார்க்கவே இல்லை. வளைந்த ஹெட்டுக்கு எவ்வளவு நல்ல கேஸ்கெட் போட்டாலும் நிற்காது. விரிசல் இருக்கிறதா என்று காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்துவிட்டு ஃபேசிங் அடித்தார்கள், அதாவது ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்கினார்கள். பிளாக்கின் மேல்தளத்தையும் அளந்தார்கள். போல்ட்டுகள் இழுபட்டு நீளும் வகை என்பதால் எல்லாம் புதுசு. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, முதலில் குறிப்பிட்ட டார்க் (முடுக்கு விசை) வரை, பிறகு குறிப்பிட்ட கோணம் வரை என்ற வரிசையில் முடுக்கினார். தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், அதன் மூடி, ஃபேன் ரிலே எல்லாமே மாற்றினோம். வடித்த கூலன்ட்டை உடனே மூடி வைக்கச் சொன்னேன். இனிப்பாக இருப்பதால் தெருநாய்கள் நக்கிவிடும், அது விஷம்.

இது 2023 ஏப்ரலில் நடந்தது. அதற்குப் பிறகு 38,000 கி.மீ. ஓடிவிட்டது. ரிசர்வ் பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டிருக்கிறேன். வருடத்துக்கு விரல் அகலம்கூடக் குறையவில்லை. போர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, கலந்தே விற்கும் கூலன்ட் மட்டும் ஊற்றுகிறேன். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. கருவி ஒன்றை மாட்டியதால் சூடு போனில் தெரிகிறது. ஊருக்குள் 88 முதல் 96 டிகிரி வரை, போன மாதம் ஏற்காடு ஏறியபோது 99. ஒரே ஒரு பின்விளைவு, ஒரு வருடம் கழித்து, புகை போகும் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் போனது. கூலன்ட் எரிந்த புகை பட்டதால்தான் என்றார் மெக்கானிக். இப்போது வால்வ் கவர் ஓரத்தில் லேசாக ஆயில் கசிகிறது, அடுத்த சர்வீஸில் அந்த கவரின் கேஸ்கெட்டை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.