₹32,000 டெலிவரி விளம்பரத்தை நம்பி ₹18,000 வேலையை விடாதீர்கள்

"பார்சல் டெலிவரிக்கு ஆள் தேவை. மாதம் ₹28,000 முதல் ₹35,000 வரை. பைக், லைசென்ஸ், ஆண்ட்ராய்டு போன் இருந்தால் போதும். இன்றே சேரலாம்." சென்னை, கோவை, திருப்பூர் வாட்ஸ்அப் குரூப்களில் வாராவாரம் சுற்றும் விளம்பரம் இது. மேலே ஒரு பெரிய கம்பெனியின் லோகோ இருக்கும். கீழே இருக்கும் நம்பருக்குப் போன் போட்டால் எடுப்பவர் அந்தக் கம்பெனி ஆள் இல்லை. வெண்டர் (கம்பெனிக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரர்), இல்லாவிட்டால் வெண்டருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். வேறொரு கம்பெனியில் ₹18,000 கையில் வாங்கிக்கொண்டிருக்கும் பையன்தான் இவர்களுக்குக் குறி. "அங்க என்ன தர்றான்? இங்க ரெண்டு மடங்கு" என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும்.

அந்த ₹32,000 எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒரு பாக்கெட்டுக்கு ₹14, ஒரு நாளைக்கு 90 பாக்கெட், மாதம் 26 நாள். பெருக்கினால் ₹32,760. கணக்கில் தப்பே இல்லை. ஆனால் 90 என்பது காலையில் உங்கள் பையில் ஏறும் எண்ணிக்கை. காசு கிடைப்பது கஸ்டமர் கையில் சேர்ந்த பாக்கெட்டுக்கு மட்டும். கதவு பூட்டியிருக்கும், போன் ஸ்விட்ச் ஆஃப், "நாளைக்கு வாங்க", "ஆர்டரே போடலையே", பாதி அட்ரஸ் என்று போக 72 சேர்ந்தாலே நல்ல நாள். திரும்பி வரும் 18க்கும் நீங்கள் பெட்ரோல் எரித்திருப்பீர்கள், ஒரு பைசா வராது. சில இடங்களில் ஒரே கஸ்டமருக்கு இரண்டு பாக்கெட் இருந்தால் இரண்டாவதற்குப் பாதி ரேட். இதைச் சேரும்போது யாரும் சொல்ல மாட்டார்கள்.

72 பாக்கெட் கணக்கில் மாதம் ₹26,208. வீட்டிலிருந்து ஹப் (பார்சல் பிரித்துக் கொடுக்கும் கிடங்கு), ஹப்பிலிருந்து ஏரியா, திரும்ப வீடு என்று ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் வைத்துக்கொள்வோம். நின்று நின்று போகும் வண்டி லிட்டருக்கு 45 கொடுத்தாலே பெரிது. பெட்ரோல் லிட்டர் ₹101 என்றால் மாதம் ₹3,500. ஆயில், செயின், பிரேக் ஷூ, டயர் தேய்மானத்துக்கு ₹900. போன் ரீசார்ஜ் ₹350. ஒரு சதவீத டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) ₹262. பான் எண் கொடுக்காதவருக்கு அது 20 சதவீதம், அந்தக் கொடுமையும் நடக்கிறது. பொருள் காணோம், சேதம் என்று எப்படியும் விழும் டெபிட் ஒரு ₹500. மிஞ்சுவது ₹20,700 சுற்றி. காலை ஏழு மணிக்கு ஹப்பில் நின்று, மாலை ஆறு மணிக்குக் கேஷ் கட்டி வெளியே வந்தால் 11 மணி நேரம். மணிக்கு ₹72.

இப்போது அந்த ₹18,000 வேலை. மொத்தச் சம்பளம் ₹20,000. ₹15,000க்கு 12 சதவீதம் பிஎஃப் ₹1,800, இஎஸ்ஐ 0.75 சதவீதம் ₹150 பிடித்தால் கையில் ₹18,050. பிடித்த ₹1,800 உங்கள் பெயரிலேயே இருக்கிறது. கம்பெனி தன் பங்காக இன்னொரு ₹1,800 கட்டுகிறது, அதில் ₹1,250 பென்ஷன் கணக்குக்குப் போகும். ஆக ₹21,650. டெலிவரிக்கு ஓடும் பெட்ரோலைக் கிலோமீட்டர் கணக்கில் தனியாகத் தருகிறார்கள் என்றால், வீட்டிலிருந்து ஹப் போய்வரும் செலவும் ரீசார்ஜும் மட்டும் கைக்காசு, ₹1,250 கழியுங்கள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் என்றாலும் மணிக்கு ₹78 வருகிறது. குடும்பத்துக்கு இஎஸ்ஐ மருத்துவம் இதில் சேரவில்லை. கே.கே.நகர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன் நடந்தால் அதன் மதிப்பு எவ்வளவு என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பாக்கெட் ரேட் எப்போதும் நஷ்டம் என்றும் சொல்ல முடியாது. ஓஎம்ஆர் பக்கம் பெரிய அபார்ட்மெண்ட்கள் மட்டுமே உள்ள பீட் (ஒருவருக்கு ஒதுக்கும் டெலிவரி ஏரியா) கிடைத்தால், ஒரே கேட்டில் பதினைந்து பாக்கெட் இறங்கும், 20 கிலோமீட்டருக்குள் நூற்றைத் தாண்டலாம். அங்கே மாதச் சம்பளக்காரரை விட நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். ஆனால் அந்த பீட் புதிதாக வருபவருக்குக் கிடைக்காது. ஹப் இன்சார்ஜுக்கு வேண்டியவரிடம் இருக்கும். உங்களுக்குத் தருவது ஊருக்கு வெளியே லேஅவுட், தெருப் பெயரே இல்லாத பின்கோடு. "எந்த பீட், நேற்று அதில் எத்தனை ஏறி எத்தனை டெலிவரி ஆச்சு" என்று சேரும் முன்பே கேட்டு, இப்போது அதில் ஓடுபவரிடமும் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

மணிக்கணக்கு ஆப் வேலையிலும் இதே எச்சரிக்கைதான். அமேசான் ஃப்ளெக்ஸ் 2019 ஜூனில் இந்தியாவுக்கு வந்தபோது மணிக்கு ₹120 முதல் ₹140 வரை என்று அறிவித்தார்கள். அன்று சென்னையில் பெட்ரோல் ₹73 சுற்றி. இன்று நூறுக்கு மேல். இந்த மாதிரி எந்த ஆப்பில் சேர்வதானாலும், இன்றைய பிளாக் (சில மணி நேர வேலைத் துண்டு) ரேட் என்ன, வாரத்துக்கு எத்தனை பிளாக் நிஜமாகக் கிடைக்கிறது என்பதைப் பாருங்கள். பழைய யூடியூப் வீடியோவில் சொல்லும் ரேட்டை வைத்து வேலையை விடக்கூடாது.

அடுத்தது வெண்டர் பேரோல், அதாவது வெண்டர் கணக்கில் மாதச் சம்பளம். பாக்கெட் ரேட்டை விட இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் பார்க்க மாதச் சம்பளம் மாதிரியே இருக்கும். ₹18,000 சம்பளம் என்று சொல்லிச் சேர்த்த ஒருவரின் ஸ்லிப் இப்படி வரும்: பிஎஃப் ₹3,750, இஎஸ்ஐ ₹720, யூனிஃபார்ம் ₹300, பேக் ₹250. கையில் ₹12,980. பிஎஃப் எவ்வளவு இருக்க வேண்டும்? ₹15,000க்கு 12 சதவீதம், ₹1,800. இஎஸ்ஐ ₹135. மீதி ₹2,535 முதலாளி கட்ட வேண்டிய பங்கு, நிர்வாகக் கட்டணம் உட்பட. அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கச் சட்டத்தில் இடமே கிடையாது. வருஷத்துக்கு ₹30,420 போகிறது. கேட்டால், "சிடிசியில எல்லாம் சேர்த்துத்தாம்பா" என்பார்கள். அதனால்தான் ஆஃபர் லெட்டரில் சிடிசி (முதலாளி பங்கும் சேர்த்து உங்களுக்கு ஆகும் மொத்தச் செலவு), மொத்தச் சம்பளம், கையில் வருவது என்று மூன்று எண்ணும் தனித்தனியாக இருக்க வேண்டும். வாயால் சொன்ன எண்ணுக்கு மதிப்பில்லை.

பிடித்த பணத்தையாவது கட்டுகிறாரா? யுஏஎன் (உங்கள் பிஎஃப் எண்) இயக்கத்தில் இருந்தால், பதிவு செய்த போனிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுங்கள், கடைசியாகக் கட்டிய தொகை எஸ்எம்எஸ்ஸில் வரும். சேரும் முன்பே பார்க்கவும் வழி உண்டு. பிஎஃப் அமைப்பான ஈபிஎஃப்ஓவின் தளத்தில் நிறுவனத் தேடல் பக்கம் இருக்கிறது, லாகின் வேண்டாம். வெண்டர் பெயரை அடித்தால் எந்த மாதத்துக்கு எத்தனை பேருக்கு எவ்வளவு கட்டினார் என்று வரும். "என்கிட்ட 200 பசங்க இருக்காங்க" என்பவர் 14 பேருக்குக் கட்டியிருந்தால், அந்த 14இல் நீங்கள் இருக்கப்போவதில்லை. இஎஸ்ஐக்கு உங்கள் பத்து இலக்க எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வேலையில் அடிபட்டுப் படுத்தால் சம்பளத்தில் 90 சதவீதம் அளவுக்கு இஎஸ்ஐ தரும். எண்ணே இல்லாதவருக்கு "போட்டாச்சு, வரும்" என்ற பதில்தான் வரும்.

பதினொரு மாதத்துக்கு ஒருமுறை வெண்டர் பெயர் மாறுகிறதா என்றும் பாருங்கள். அதே ஹப், அதே இன்சார்ஜ், அதே டீ சர்ட், சம்பளம் போடும் கம்பெனி மட்டும் புதிது. இப்படிச் சர்வீஸை அறுத்துக்கொண்டே போனால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்ற பேச்சே எழாது.

டெபிட்டுக்கு வருவோம். காலையில் ஹப்பில் கூட்டம் நெரியும்போது, ஓரம் கிழிந்த ஒரு பாக்கெட்டும் உங்கள் குவியலில் வரும். "ஸ்கேன் பண்ணிட்டுக் கிளம்புப்பா, அப்புறம் பாத்துக்கலாம்." ஸ்கேன் ஆன நொடியிலிருந்து அது உங்கள் பொறுப்பு. உள்ளே பொருள் இல்லை என்று கஸ்டமர் சொன்னால் முழு விலையும் உங்கள் மேல் டெபிட். கிழிந்தது, டேப் மாற்றி ஒட்டியது, எடை குறைவாகத் தெரிவது எதையும் லேபிளில் உள்ள ஏர்வே பில் எண் (பார்சல் எண்) தெரிய போட்டோ எடுத்து, ஹப் குரூப்பில் போட்ட பிறகே ஸ்கேன் செய்யுங்கள். லேபிள் எண் போட்டோவில் விழாவிட்டால் அந்தப் போட்டோவுக்குப் பயனில்லை.

ரிட்டர்ன் பிக்கப்பில் போன் எடுக்கப் போனால் *#06# அடித்து ஐஎம்இஐ எண்ணை ஆப்பில் உள்ளதோடு ஒப்பிட்டு, கஸ்டமர் கண்முன்னே பையில் போட்டு சீல் வைக்க வேண்டும். "பாக்ஸ் ஏற்கெனவே பேக் பண்ணிட்டேன்" என்றால் வாங்காதீர்கள். டம்மி போன் உள்ளே இருந்து ₹20,000 டெபிட் விழுந்தால் ஒரு மாதம் சும்மா உழைத்ததாக ஆகிவிடும்.

சிஓடி (பொருளைக் கொடுக்கும்போது வாங்கும்) பணத்தைக் கஸ்டமர் ஜிபேயில் அனுப்புகிறேன் என்றால் ஆப் காட்டும் க்யூஆரில் மட்டும் வாங்குங்கள். உங்கள் சொந்த நம்பரில் வாங்கி மாலையில் கேஷாகக் கட்டுவது வசதியாகத் தெரியும், ஆனால் ஒரு நாள் தாமதமானாலும் கையாடல் என்று எழுதிவிடுவார்கள். மாலையில் கேஷ் கட்டியதும் ரசீது அல்லது ஆப்பில் நிலுவை பூஜ்யம் என்று காட்டும் திரை, இரண்டில் ஒன்று போனில் இருக்க வேண்டும்.

முடிக்காத பாக்கெட்டுக்கு "கஸ்டமர் இல்லை என்று போட்டுடு" என்று டீம் லீடரே சொல்வதுண்டு, ஹப்பின் சதவீதம் குறையக்கூடாதாம். நீங்கள் நிற்கும் இடம் ஜிபிஎஸ்ஸில் பதிவாகிறது. புகார் வந்தால் பொய் ரிமார்க் என்று ஐடி பிளாக் ஆவது உங்களுக்குத்தான், சொன்னவருக்கு இல்லை.

சேரும்போது கேட்கும் காகிதங்களில் மூன்றை எக்காரணம் கொண்டும் கொடுக்கக்கூடாது: அசல் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், அசல் ஆர்சி, கையெழுத்துப் போட்ட வெற்று செக். செக் கொடுத்தவர்கள் டெபிட் தகராறில் செக் பவுன்ஸ் கேஸில் மாட்டுகிறார்கள். ரிஜிஸ்ட்ரேஷன், பேக், ஐடி என்று முன்பணம் கேட்டால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

பைக் இன்ஷூரன்ஸைப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. சொந்த உபயோகத்துக்கான பாலிசியில், வாடகைக்கு ஓட்டினாலும் சரக்கு ஏற்றினாலும் பொருந்தாது என்று எழுதியிருக்கும். முதுகில் பார்சல் பையோடு விழுந்தால் கிளெய்மை மறுக்க அந்த வரி போதும். விபத்துக் காப்பீடு யார் எடுத்திருக்கிறார்கள், எவ்வளவுக்கு என்று பாலிசி நகலைக் கேளுங்கள். "கம்பெனி பாத்துக்கும்" என்று சொன்னால் காகிதம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

முன்னேற்றம் பற்றிச் சுருக்கமாக. கம்பெனி பேரோலில் இருந்தால் டெலிவரி, டீம் லீடர், ஹப் இன்சார்ஜ் என்று ஒரு படிக்கட்டு உண்டு. டீம் லீடருக்கு மேல் பல இடங்களில் டிகிரி கேட்பார்கள். வெண்டர் ஆட்களுக்கு அந்தப் படி பொதுவாகத் திறப்பதில்லை, பாக்கெட் ரேட்டில் படியே கிடையாது. டிடிடிசி போல ஃப்ரான்சைஸ் முறையில் ஓடும் கூரியர்களில் உங்கள் முதலாளி அந்தக் கடைக்காரர்தான், போர்டில் இருக்கும் பெயர் இல்லை. கம்பெனிகள் இணைவதையும் கவனியுங்கள். டெல்லிவரி 2025இல் ஈகாம் எக்ஸ்பிரஸை வாங்கியது. இப்படி இணையும்போது ஒரே பின்கோடுக்கு இரண்டு ஹப் எதற்கு என்ற கேள்வி வரும், பீட்டும் மாறும்.

இந்தக் கூட்டத்தில் யாரும் நினைத்துப் பார்க்காதது தபால் துறை. ஜிடிஎஸ் (கிராமின் தாக் சேவக், கிராமத் தபால் ஊழியர்) வேலைக்குப் பரீட்சை இல்லை, பத்தாம் வகுப்பு மார்க் மட்டும், வயது 18 முதல் 40. தாக் சேவக்குக்கு ₹10,000இல் தொடங்கி ₹24,470 வரையிலான படி, அதன் மேல் டிஏ (அகவிலைப்படி), வருஷம் 3 சதவீத உயர்வு. தொடக்கம் குறைவுதான், வேலை நேரமும் ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேரம்தான். ஆனால் துறைத் தேர்வு எழுதித் தபால்காரராக ஆனால் அடிப்படைச் சம்பளம் ₹21,700இல் தொடங்கும். இருபது வயதுப் பையனுக்கு என் ஓட்டு இதற்குத்தான். விண்ணப்பக் கட்டணம் ₹100, பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் அதுவும் கிடையாது. "மார்க் குறைவா இருந்தாலும் போட்டுத் தர்றோம், ₹30,000" என்று வருபவர் திருடன்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. ஐடி பிளாக் ஆனால் ஆப்பில் இருந்த கணக்கு முழுவதும் கண்ணை விட்டுப் போய்விடும். அதனால் தினமும் லாக் அவுட் ஆகும் முன் டெலிவரி எண்ணிக்கை, கேஷ் நிலுவை, வாரப் பேமெண்ட் மூன்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேறொரு மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். சம்பள ஆள் என்றால், 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்புப்படி வேலையை விட்ட இரண்டு வேலை நாளில் பாக்கி தர வேண்டும். "நோ டியூஸ் (பாக்கி இல்லை என்ற சான்று) வர 45 நாள்" என்பது வெண்டரின் சட்டம். நஷ்டத்துக்குப் பிடிப்பதானாலும் முதலில் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். பாக்கி கேட்டு மனுப் போட மூன்று வருஷ அவகாசம் இருக்கிறது. மனுவில் வெண்டரோடு லோகோவுக்குச் சொந்தக்காரரான கம்பெனியையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள், ஏனென்றால் ஒப்பந்ததாரர் தராத சம்பளத்துக்கு அந்தக் கம்பெனி பொறுப்பு. பாக்கெட் ரேட் ஆட்களுக்கு இந்தப் பாதை அவ்வளவு எளிதில்லை, அவர்களைத் தொழிலாளி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 2023இல் தமிழ்நாடு அரசு அமைத்த கிக் (ஆப் வழி வேலை செய்யும்) தொழிலாளர் நலவாரியத்தில் பெயரைப் பதிந்து, அந்த அட்டையோடு தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போங்கள். ஸ்க்ரீன்ஷாட்களைத் தேதி வாரியாகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போக வேண்டும், அங்கே போனை நீட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.