ஏற்காட்டுக் காபித் தோட்டத்துக்கு கம்பூட்ஸா, தோல் பூட்ஸா?

ஐப்பசி மழையில் தோட்டத்துக்குள் நடக்க நான் கம்பூட்ஸைத்தான், அதாவது உயரமான ரப்பர் பூட்ஸைத்தான் சொல்வேன். தண்ணீர் உள்ளே போகாது, முழங்கால் வரை மறைக்கும், சருகுக்குள் படுத்திருக்கும் கண்ணாடி விரியனை மிதித்தால் பெரும்பாலும் பாதத்திலோ கணுக்கால் பக்கத்திலோதான் கடிக்கும் என்பதால் அந்த உயரம் ரொம்ப முக்கியம். மெல்லிய ரப்பரைப் பல் துளைத்துவிடலாம், அதனால் தடித்ததாக, கொஞ்சம் தளர்வாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே வியர்க்கும், கம்பளிக் காலுறை போடுங்கள்.

தோல் பூட்ஸ் சரிவில் நன்றாகப் பிடிக்கும், காலுக்கும் சுகம், சரி, ஆனால் நனைந்தால் இரண்டு நாளானாலும் ஈரம் போகாது, கணுக்காலுக்கு மேலே பாதுகாப்பும் இல்லை. கோடையில் மட்டும் போடலாம்.

அப்புறம், மூங்கில் விரியன் செடிக்கிளையிலேயே இருக்கும். கிளையைக் கையால் விலக்காதீர்கள், கம்பு கொண்டுபோங்கள்.