‘இங்கிலீஷ் ஃபிரேசல் வெர்ப்ஸ் இன் யூஸ்’: நூல் மதிப்பீடு

பள்ளியில் ஆங்கிலத்தை நன்றாகப் படித்த தமிழ் மாணவர் ‘போஸ்ட்போன்’, ‘டாலரேட்’, ‘இன்வெஸ்டிகேட்’ ஆகிய சொற்களைச் சிரமமின்றிப் புரிந்துகொள்கிறார். அதே பொருளில் ஒருவர் ‘புட் ஆஃப்’, ‘புட் அப் வித்’, ‘லுக் இன்டு’ என்று பேசினால் தடுமாறுகிறார். புட், லுக், கெட், டேக் எல்லாம் தொடக்க வகுப்பிலேயே கற்ற வினைகள் என்பதால் அவற்றுக்காக அகராதியைத் திறக்க அவருக்குத் தோன்றுவதே இல்லை. தெரிந்த சொற்கள்தானே என்று ஊகித்துக்கொள்கிறார், பல நேரம் ஊகம் பிழையாகிறது.

இப்படி ஒரு வினையோடு அப், ஆஃப் போன்ற சிறு இடைச்சொல் சேர்ந்து தனிப்பொருள் தரும் சேர்க்கைகளையே ‘ஃபிரேசல் வெர்ப்ஸ்’ என்கிறார்கள். அவற்றால் வரும் இந்த இடர்ப்பாட்டைத் தீர்ப்பதற்கென்றே மைக்கேல் மெக்கார்த்தியும் ஃபெலிசிட்டி ஓடெல்லும் எழுதிய நூல் இது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2004இல் முதலில் வெளியிட்டது. இரண்டாம் பதிப்பு 2017இல் வந்தது. உயர்நிலை மாணவர்களுக்கெனத் தனி நூல் ஒன்றும் உண்டு. இங்கே நான் மதிப்பிடுவது இடைநிலை நூலை மட்டுமே.

சிக்கல் புதியதன்று. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு ஒரு சிறு இடைச்சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்த வழக்கம் அயல்மொழியாளருக்குப் பெருந்தொல்லை என்று குறிப்பிட்டிருக்கிறார். 1930இல் சி. கே. ஆக்டன் 850 சொற்களைக் கொண்ட ‘பேசிக் இங்கிலீஷ்’ என்ற எளிய ஆங்கிலத்தை வகுத்தபோது, வினைகளைப் பதினெட்டாகக் குறைத்தார். ஆனால் சொற்கள் குறைந்த அளவுக்குச் சேர்க்கைகளின் சுமை கூடிவிட்டது. ‘டாலரேட்’டை நீக்கிவிட்டு ‘புட் அப் வித்’தைக் கற்கச் சொல்வது கற்பவருக்கு எளிமையாகுமா என்ன? சிறிய வினைகளே ஆங்கிலத்தின் கடினமான பகுதி என்பதை அந்த முயற்சி தெளிவாகவே காட்டியது.

மெக்கார்த்தியும் ஓடெல்லும் பாடங்களை அமைத்த விதத்தில் இந்தப் புரிதல் தெரிகிறது. நூலில் 70 பாடங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் இடப்பக்கத்தில் விளக்கம், வலப்பக்கத்தில் பயிற்சி. விடைகளும் ஒரு சிற்றகராதியும் இறுதியில் உள்ளன. அடிப்படை இலக்கணத்தில் தொடங்கி, கம், கெட், கோ, லுக், மேக், புட், டேக் ஆகிய வினைகளுக்கும், பிறகு அப், அவுட், ஆஃப் முதலிய இடைச்சொற்களுக்கும் பாடங்களை ஒதுக்கி, அதன் பின்னரே வேலை, படிப்பு, பணம், சொந்த வாழ்க்கை என்று பொருள்வாரிப் பாடங்களுக்கு நூல் செல்கிறது.

என் கணிப்பில் நூலின் உயிர் இடைச்சொற்களைப் பற்றிய பகுதியில்தான் இருக்கிறது. பலரும் வினையையே உற்றுப் பார்த்துக் குழம்புகிறார்கள். பொருளைத் திருப்புவதோ பெரும்பாலும் பின்னால் வரும் சிறு சொல். ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’, ‘டிரிங்க் அப்’ ஆகியவற்றில் ‘அப்’ என்பது மேல்நோக்கிய திசை அன்று, ஒரு செயல் மிச்சமின்றி முடிவதைச் சொல்வது. ‘கேரி ஆன்’, ‘கோ ஆன்’, ‘கீப் ஆன்’ மூன்றிலும் ‘ஆன்’ செயலின் தொடர்ச்சியைக் காட்டுகிறது. தமிழருக்கு இது அந்நியமான ஏற்பாடு அன்று. ‘சாப்பிட்டுவிடு’ என்பதில் உள்ள ‘விடு’ எதையும் கைவிடச் சொல்லவில்லை. ‘குழந்தையைப் பார்த்துக்கொள்’ என்றால் கண்ணால் பார்த்தால் போதும் என்று எவரும் கருதுவதில்லை, ‘லுக் ஆஃப்டர்’ என்பதன் பொருளும் அதுவே. இந்த ஒப்புமையை ஆசிரியர் வகுப்பில் ஒருமுறை சொல்லிவிட்டால், மாணவரின் அச்சம் பெருமளவு குறைந்துவிடும். முழுவதும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட நூலில் அதை எதிர்பார்க்க முடியாது.

சொல்வரிசையைப் பற்றிய தொடக்கப் பாடத்தை எவரும் தாண்டிச் செல்லக் கூடாது. ‘டர்ன் ஆஃப் த லைட்’, ‘டர்ன் த லைட் ஆஃப்’ இரண்டும் சரி. ஆனால் ‘இட்’ என்ற பிரதிப்பெயர் வந்தால் ‘டர்ன் இட் ஆஃப்’ மட்டுமே சரி. ‘லுக் ஆஃப்டர்’ பிரியவே பிரியாது. ‘டர்ன் ஆஃப் இட்’ என்று எழுதும் நம் மாணவர்களுக்கு இந்த ஒரு விதியே பல பிழைகளைத் தவிர்த்துக் கொடுக்கும்.

பொருள்வாரிப் பாடங்களில் எனக்கு அவ்வளவு நிறைவு இல்லை. ‘பிக் அப்’ போன்ற ஒரு சேர்க்கை, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதையும், ஒரு மொழியைக் காதால் கேட்டே கற்றுக்கொள்வதையும், தொலைபேசியை எடுப்பதையும் குறிக்கும். பொருளை வைத்துப் பிரிக்கும்போது ஒரே சேர்க்கை பல இடங்களில் சிதறுகிறது, அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் வேலை கற்பவர் தலையில் விழுகிறது. சிற்றகராதி ஓரளவே கைகொடுக்கிறது. பயிற்சிகளிலும் கோடிட்ட இடம் நிரப்புதல் போன்றவற்றுக்கே இடம் அதிகம். சொந்தமாக வாக்கியம் எழுத வைக்கும் பயிற்சி இன்னும் வேண்டும்.

உலகம் முழுவதற்குமாக எழுதப்பட்ட நூல் என்பதால் இந்திய ஆங்கிலத்தின் தனி வழக்குகளுக்கு இதில் விடை தேட வேண்டியதில்லை. கல்லூரிப் படிப்பை முடித்ததை ‘பாஸ்டு அவுட்’ என்று நாம் எழுதுவது இந்தியாவில் புரியும். லண்டனிலோ நியூயார்க்கிலோ அதைப் படிப்பவர் மயங்கி விழுந்ததாகவே முதலில் எண்ணக்கூடும். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் எழுதுவோர் இதைத் தனியே குறித்துக்கொள்வது நல்லது.

எளிய ஆங்கிலப் பத்தியைத் துணையின்றிப் படிக்க முடிந்தவர்கள் தயங்காமல் வாங்கலாம். அந்த நிலையை இன்னும் எட்டாதவர்களுக்கு விளக்கப் பக்கமே தனிப் பாடமாகிவிடும். முதல் பாடத்திலிருந்து வரிசையாகச் செல்வதைவிட, சொல்வரிசைப் பாடத்தை முடித்த கையோடு இடைச்சொற்களுக்குச் சென்று, அதன் பிறகு ஏழு வினைகளுக்குத் திரும்பி, பொருள்வாரிப் பாடங்களைத் தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளும் முறையையே நான் பரிந்துரைக்கிறேன்.